புதிதாகச் சேர்ந்தவர் வேலையில் நிலைக்கச் சக ஊழியர்களின் துணை எந்த அளவுக்கு உதவும்?

கேள்வி இதுதான்: பன்னிரண்டு பேர் கொண்ட குழு. ஆள் எடுப்பதில் குறையில்லை, புதியவர்களுக்கான இண்டக்ஷன் (அறிமுக) வகுப்பு நடக்கிறது, எல்லாரும் நன்றாகத்தான் பழகுகிறார்கள். ஆனாலும் புதிதாகச் சேர்பவர்கள் மூன்றாவது, நான்காவது மாதத்தில் சோர்ந்துபோகிறார்கள். சிலர் கிளம்பியே விடுகிறார்கள். கூட வேலை செய்பவர்களின் ஆதரவு முக்கியம் என்கிறார்களே, அது உண்மையில் பயன் தருமா? தரும் என்றால் என்ன செய்ய வேண்டும்?

பயன் தரும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நன்றாகப் பழகுவது அதில் ஒரு சிறு பங்குதான். ஒரு குழுவில் புதியவருக்குத் துணை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அவருக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்த நிமிஷத்திலிருந்து அதை ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிறது? கால் மணி நேரம் என்றால் குழு நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் என்றால், முதல் நாள் பூங்கொத்து கொடுத்து கேக் வெட்டியிருந்தாலும் அவர் தனியாகத்தான் இருக்கிறார். துணை என்பது பெரும்பாலும் இந்தத் தயக்கத்தைக் குறைக்கும் வேலை. அது குறிப்பிட்ட ஒருவருடைய பொறுப்பாக இல்லாத இடத்தில், எல்லாரும் நல்லவர்களாக இருந்தும் யாரும் செய்வதில்லை.

புதியவர் வேலையில் பொருந்திவிட்டார் என்பதை எதை வைத்துச் சொல்வது? மேலாண்மை ஆய்வாளர் டாலியா பவரும் அவருடைய சகாக்களும் 2007இல் 70 ஆய்வு மாதிரிகளைத் தொகுத்து அலசினார்கள். அதில் எடுத்துக்கொண்ட அடையாளங்கள் மூன்று. என் வேலை எதுவரை, எது என் வேலை இல்லை என்ற தெளிவு. இதை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. இவர்கள் என்னைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள் என்ற உணர்வு. வேலைத் திருப்தி, செயல்திறன், இங்கேயே இருக்கலாம் என்ற எண்ணம் எல்லாம் இந்த மூன்றோடும் பிணைந்திருப்பதை அந்த அலசல் காட்டியது.

மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வருவதில்லை என்பதுதான் பலருக்குப் பிடிபடாத இடம். எதற்கு முன்னுரிமை என்ற தெளிவை மேலாளர்தான் தர முடியும். இரண்டு சீனியர்கள் இரண்டு விதமாகச் சொல்லும்போது புதியவரால் எதையும் தீர்மானிக்க முடியாது. நம்பிக்கை என்பது பாராட்டால் வருவதைவிட, சின்ன வேலை ஒன்றைத் தன் கையால் முடித்து அது சரியாக இருந்தது என்று தெரியும்போது வருகிறது. ஏற்றுக்கொள்வதோ சக ஊழியர்கள் கையில் இருக்கிறது. மேலாளர் உத்தரவு போட்டு அதை வரவழைக்க முடியாது.

ஆதரவிலும் வகைகள் உண்டு. சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் நான்காகப் பிரித்தார்: மனதுக்குத் தெம்பு தருவது, கூட நின்று கை கொடுப்பது, தகவல் சொல்வது, செய்த வேலை எப்படி இருக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்வது. இன்றைக்கும் ஒரு குழுவைச் சோதித்துப் பார்க்க இந்தப் பிரிப்பு போதும். உங்கள் குழுவைப் போன்ற இடங்களில் முதல் வகை முதல் வாரத்தில் தாராளமாகக் கிடைக்கும். மூன்றாவது அரைகுறையாகக் கிடைக்கும். நான்காவது கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. புரொபேஷன் முடியும்போதுதான் “நீங்க அந்த விஷயத்துல கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்” என்று வரும். அதற்குள் மூன்று மாதம் போயிருக்கும்.

“ஏதாவது வேணும்னா கேளுங்க” என்பது முதல் வகையில்தான் சேரும். சொல்பவருக்கு அது தகவல் உதவி போலத் தோன்றுகிறது. கேட்பவருக்கு அது ஒரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான். எதைக் கேட்பது, எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அப்படியே நிற்கிறது.

ஒரு சாதாரண வேலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மாத இறுதி விற்பனை ரிப்போர்ட். புதியவரிடம் எக்செல் ஃபைலைக் கொடுத்து “போன மாசம் மாதிரியே செஞ்சிடுங்க” என்கிறார்கள். திறந்தால் ‘நிகரத் தொகை’ என்று ஒரு பத்தி. திரும்பி வந்த சரக்கைக் கழித்துப் போடுவதா, கழிக்காமல் போடுவதா? போன மாதத்து எண்ணைப் பார்த்தால் இரண்டு விதத்திலும் ஒத்துவரவில்லை. பழைய மெயில்களில் முக்கால் மணி நேரம் தேடுகிறார், கிடைக்கவில்லை. ஊகித்துப் போட்டு அனுப்புகிறார். மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்து ஐந்து பேருக்கு நகலோடு பதில் வருகிறது: எண்கள் தவறு.

பக்கத்து இருக்கையில் இருப்பவர் இதை அரை நிமிஷத்தில் சொல்லியிருக்க முடியும்: “ரிட்டர்னைக் கழிச்சிட்டுப் போடுங்க. அதுக்குத் தனி ஷீட் இருக்கு, பொது ஃபோல்டர்ல. ஆனா அதை வியாழக்கிழமைதான் அப்டேட் பண்ணுவாங்க, புதன்கிழமை எடுத்துடாதீங்க.” விதி, அது இருக்கும் இடம், நேரம் ஆகிய மூன்றும் இந்தப் பேச்சில் வந்துவிட்டன. விதியை ஒருவேளை கையேட்டில் எழுதி வைத்திருப்பார்கள். வியாழக்கிழமை விஷயத்தை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள், ஏனென்றால் தெரிந்தவர்களுக்கு அது ஒரு தகவலாகவே தோன்றாது. சக ஊழியர்களால் மட்டுமே தர முடிகிற உதவி இதுதான். புதியவரின் முதல் மாதத் தவறுகளில் கணிசமான பங்கு திறமைக் குறைவால் வருவதில்லை, இந்த வியாழக்கிழமைகள் தெரியாததால் வருகிறது. ஆனால் அவர் மனதில் பதிவது “நான் சொதப்பிட்டேன்” என்பதுதான். இந்த எண்ணம் நாலைந்து முறை வந்துவிட்டால் நம்பிக்கை ஆட்டம் காணும்.

அவர் ஏன் கேட்கவில்லை? ஆள் பக்கத்தில்தானே இருந்தார்? கேட்கும் முன் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாரோ, இயர்போன் மாட்டியிருக்கிறார், வேலையாக இருக்கிறாரோ, காலையில்தான் ஒன்று கேட்டேனே. இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் பிழை இருக்கிறது. பிராங்க் ஃபிளின், வனெசா லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட சோதனைகளில், உதவி கேட்பவர்கள் எதிராளி சம்மதிக்கும் வாய்ப்பை நன்றாகவே குறைத்து மதிப்பிட்டார்கள். உண்மையில் சம்மதித்தவர்கள் அதைவிட அதிகம். கடினமான விஷயத்தில் ஆலோசனை கேட்பவரை மற்றவர்கள் கூடுதல் திறமைசாலியாகவே கருதுகிறார்கள் என்று ஆலிசன் உட் புரூக்ஸும் சகாக்களும் 2015இல் காட்டினார்கள்.

ஆனால் இதைப் புதியவரிடம் சொல்லி “தைரியமா கேளுங்க” என்றால் தயக்கம் போய்விடாது. காரணம், அவருடைய பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஃபோல்டரைத் திறந்தாலே தெரிகிற விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது, எது தானே தேட வேண்டியது என்ற எல்லை அவருக்குத் தெரியாது. ஆகவே எல்லையை நீங்கள் போட்டுக் கொடுங்கள். எந்தச் சிக்கலானாலும் 20 நிமிஷம் நீங்களே பாருங்கள். அதற்குள் வழி கிடைக்கவில்லை என்றால் கேட்டே ஆக வேண்டும், கேட்காமல் இருப்பதுதான் தவறு. இந்த விதியை முதல் நாளே சொல்லிவிட்டால் கேட்பது தைரியம் சம்பந்தப்பட்டதாக இல்லாமல் நடைமுறையாகிவிடுகிறது. பணம் போகிற வேலை, வாடிக்கையாளருக்கு நேரடியாகப் போகிற பதில், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து உள்ள இயந்திரம் என்றால் 20 நிமிஷமும் கிடையாது. கை வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இன்னொன்று நேரம் ஒதுக்குவது. முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் 15 நிமிஷம். மதியத்துக்கு மேல் வைத்தால் நல்லது, காலையில் சேர்ந்த சந்தேகங்கள் அதற்குள் கையில் இருக்கும். இதில் “சந்தேகம் இருக்கா?” என்று கேட்காதீர்கள். பதில் எப்போதும் “இல்லை” என்றுதான் வரும். “இன்னைக்கு எந்த இடத்துல ரொம்ப நேரம் நின்னுட்டீங்க?” என்று கேளுங்கள். நின்றார் என்று வைத்துக்கொண்டு கேட்பதால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை, இடத்தைக் காட்டினால் போதும்.

புதியவர்கள் தங்கள் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் பார்ப்பதில்லை, மற்றவர்களுடைய கேள்விகளுக்கு என்ன நடக்கிறது என்றும் கவனிக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு “இதை எத்தனை தடவை சொல்றது” என்று பதில் வந்தால் அன்றோடு புதியவர் வாய் மூடிக்கொள்கிறார். ஏமி எட்மண்ட்சன் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் எழுதியது இதைப் பற்றித்தான்: கேள்வி கேட்டாலும் தவறை ஒப்புக்கொண்டாலும் அவமானம் நேராது என்று நம்புகிற குழுக்களில் கற்றல் அதிகம் நடக்கிறது. எளிய வழி, குழுவிலேயே அனுபவம் மிக்கவர் கூட்டத்தில் ஒரு அடிப்படைக் கேள்வியைத் தானே கேட்பது. அறிவுரை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

இனி, துணையாளைப் பற்றி. புதியவருக்கென்று ஒரு சக ஊழியரை நியமிப்பது பல நிறுவனங்களில் இருக்கிறது, பெரும்பாலும் பெயரளவில். மைக்ரோசாஃப்ட் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்து 2019இல் சில எண்களை வெளியிட்டது. முதல் 90 நாளில் துணையாளை ஒரு முறையாவது சந்தித்தவர்களில் 56 சதவீதம் பேர், வேலையில் சீக்கிரம் பயன்பட அவர் உதவினார் என்றார்கள். இரண்டு, மூன்று முறை சந்தித்தவர்களில் 73, நான்கிலிருந்து எட்டு முறை சந்தித்தவர்களில் 86, எட்டுக்கு மேல் சந்தித்தவர்களில் 97. எண்கள் கவர்ச்சியாக இருக்கின்றன, ஆனால் இவை ஊழியர்களே சொன்ன மதிப்பீடுகள். நன்றாக ஒத்துப்போன ஜோடிகள்தான் அடிக்கடி சந்தித்திருப்பார்கள் என்ற சாத்தியத்தையும் தள்ளிவிட முடியாது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரு சந்திப்போடு நிற்கிற ஏற்பாடு பாதிப் பேருக்குத்தான் பயன்படுகிறது என்பது.

யாரைப் போடுவது? குழுவின் ஆகச் சிறந்த ஆளைப் போடத் தோன்றும், வேண்டாம். அவருக்குப் பல விஷயங்கள் கை தானாகச் செய்பவை, எது கடினம் என்பதே மறந்திருக்கும். சேர்ந்து ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் ஆனவர் பொருத்தம். எங்கே தடுமாறினோம் என்பது அவருக்கு இன்னும் நினைவில் இருக்கும். புதியவரின் மதிப்பீட்டை எழுதுபவராக அவர் இருக்கக் கூடாது. அதே ஷிஃப்டில், முடிந்தால் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே சமயத்தில் ஒரு புதியவர் போதும்.

அவருடைய வேலைச்சுமையைக் குறைக்காமல் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அது தண்டனைதான். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு நாலைந்து மணி நேரம், அடுத்த மாதம் இரண்டு மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று அவருடைய இலக்கிலிருந்து வெளிப்படையாகக் கழியுங்கள். கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்றால், அவர் மறுக்க மாட்டார். பதில் சொல்லும்போது கண் திரையிலேயே இருக்கும். புதியவர் அதைப் படித்துவிடுவார். மூன்றாவது முறைக்குப் பிறகு கேட்க மாட்டார்.

துணையாள் செய்கிற தவறுகளில் அதிகம் நடப்பது நல்லெண்ணத்தில் செய்வது: “குடுங்க, நான் முடிச்சிடறேன்.” வேலை முடிந்துவிடும், புதியவர் கற்றிருக்க மாட்டார், தன்னால் முடியாது என்று அவருக்கு உறுதியும் ஆகியிருக்கும். கீபோர்டும் மவுஸும் புதியவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று கறாராக ஒரு விதி வையுங்கள். பட்டறையாக இருந்தால் கருவி அவர் கையில், துணையாள் கை பின்னால். ஒரு முறை செய்து காட்டலாம், அடுத்த முறை அவர் செய்ய இவர் பார்க்க வேண்டும், மூன்றாவது முறை அவர் தனியாகச் செய்துவிட்டுக் காட்ட வேண்டும்.

இன்னொரு தவறு ஆபத்தானது. தொழிற்சாலை, மருத்துவமனை, மின்பணி போன்ற இடங்களில் பழையவர்கள் புதியவருக்குக் குறுக்குவழிகளையும் சேர்த்தே கற்றுக்கொடுப்பார்கள்: இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது, இரட்டைச் சரிபார்ப்பில் ஒன்றைத் தாண்டுவது. நட்பாகச் சொல்லிக்கொடுப்பதால் மறுக்கவும் முடியாது. மறுத்தால் கூட்டத்தில் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம். எனவே பாதுகாப்பு நடைமுறைகளைத் துணையாளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். முறையான பயிற்சி முதலில், துணையாள் பிறகு. மேலாளர் ஒரு வாரம் கழித்து நேரில் நின்று பார்க்க வேண்டும்.

மேலாளர் வேறு ஆளிடம் தள்ளிவிட முடியாத வேலை இரண்டு: முன்னுரிமையைச் சொல்வது, செய்த வேலையை மதிப்பிட்டுச் சொல்வது. ஐந்தாவது வேலை நாளுக்குள் ஏதாவது ஒரு நிஜ வேலையைப் பற்றி முதல் மதிப்பீடு போய்ச் சேர வேண்டும், வேலை எவ்வளவு சின்னதாக இருந்தாலும். “நல்லா பண்றீங்க” என்பது மதிப்பீடு ஆகாது. “வாடிக்கையாளருக்கு எழுதின பதில்ல முதல் வரியிலேயே தீர்வைச் சொன்னீங்க, அது சரி. ஆனா தேதி கொடுக்கலை. தேதி இல்லைன்னா அவர் நாளைக்கு மறுபடி கூப்பிடுவார். அடுத்ததுல தேதியோட அனுப்பிட்டு எனக்கு ஒரு காப்பி போடுங்க.” எது சரி, எது விட்டுப்போயிற்று, அதனால் என்ன ஆகும், அடுத்து என்ன செய்வது எல்லாம் இதில் வந்துவிட்டது. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது.

நிறைய பேர் நட்பையும் தகவலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். எலிசபெத் மாரிசன் புதிதாகச் சேர்ந்த தணிக்கையாளர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டையும் தனித்தனி வலைப்பின்னல்களாக எடுத்துக்கொண்டார். வேலையில் தேர்ச்சியும் பொறுப்புத் தெளிவும் தகவல் தருகிறவர்களின் வட்டத்தோடு சேர்ந்து போயின; குழுவில் ஒன்றிப்போவதும் நிறுவனத்தின் மேல் பற்றும் நட்பு வட்டத்தோடு சேர்ந்து போயின. ஒன்றாகச் சாப்பிடப் போகிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள், அதனால் பழகிவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் நாலு நண்பர்கள் இருந்தும், ரிட்டர்ன் ஷீட்டை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒருவர் இருக்கலாம். எல்லாம் தெரிந்த ஆட்களின் பட்டியல் கையில் இருந்தும் இடைவேளையில் பேச ஆளில்லாமலும் இருக்கலாம். இரண்டாவது ஆள் வேலையை நன்றாகச் செய்துகொண்டே இருந்து திடீரென்று ராஜினாமா கொடுப்பார், நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள்.

தகவல் வட்டத்தை ஏற்பாடு செய்துதான் உருவாக்க வேண்டும், தானாக வளர்வதற்குள் காலம் போய்விடும். குழுவுக்கு வெளியே புதியவர் வேலை எவர் எவரைத் தொடுகிறதோ, எட்டு முதல் பத்து பேர் வரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பதவியை எழுதாமல், எதற்காக அவரைக் கூப்பிடுவது என்று எழுதுங்கள். அறிமுகம் செய்யும்போது “இவர் புதுசா சேர்ந்திருக்கார், கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று மேலோட்டமாகச் சொல்லாமல், “அடுத்த வாரத்துலேர்ந்து ரிட்டர்ன் ஷீட் இவர்தான் எடுப்பார். சந்தேகம் வந்தா உங்களைக் கூப்பிடுவார், சரிங்களா?” என்று சொல்லுங்கள். எதிராளி “சரி” என்று சொல்லிவிட்டார் அல்லவா, முதல் ஃபோனில் தயக்கம் பாதியாகக் குறைந்துவிடும். நாளுக்கு இரண்டு பேருக்கு மேல் அறிமுகம் வேண்டாம். முதல் நாளே முப்பது பேரிடம் கை குலுக்க வைத்தால் ஒரு பெயரும் நிற்காது.

இப்போது உங்கள் மூன்றாவது, நான்காவது மாதத்துக்கு வருவோம். அது தற்செயல் இல்லை. புது வேலையில் திருப்தி முதலில் ஏறிப் பிறகு இறங்குகிறது என்பதை வெண்டி பாஸ்வெலும் சகாக்களும் 2005இலும், புதியவர்களைத் தனியாக எடுத்து 2009இலும் காட்டியிருக்கிறார்கள். அதே 2009இல் பின்லாந்தின் மார்க்கு யோகிசாரியும் யாரி-எரிக் நுர்மியும் சேர்ந்து ஆறாவது மாதத்திலிருந்து இருபத்தொன்றாவது மாதம் வரை ஊழியர்களைப் பின்தொடர்ந்தார்கள். மேலாளரின் ஆதரவு காலம் போகப் போகக் குறைவதாகப் புதியவர்கள் உணர்ந்தார்கள். வேகமாகக் குறைந்தவர்களுக்குப் பொறுப்புத் தெளிவும் திருப்தியும் குறைந்தன, சம்பள உயர்வும் மெதுவாகவே வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? மூன்றாவது மாதத்தில் குழு அவரைப் பார்த்து “பழகிட்டார்” என்று முடிவு கட்டிவிடுகிறது. துணையாள் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். முழு வேலைச்சுமை வந்துவிட்டது. அதே சமயம் கேள்விகள் கடினமாகின்றன. முதல் வாரத்தில் “பிரின்டர் எங்கே?” என்று கேட்பது எளிது. மூன்றாவது மாதத்தில் வருகிற கேள்வி வேறு மாதிரி: “இரண்டு பேரும் அவசரம்னு சொல்றாங்க, யாரோடதை முதல்ல செய்யறது?”, “நான் செய்யறது போதுமா, போதாதா?” இவற்றைக் கேட்பது கூச்சமாகவும் இருக்கிறது. இத்தனை நாள் ஆகியும் கேட்கிறானே என்று நினைப்பார்களே! ஆதரவு குறைவதும் தேவை கூடுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் உழைப்பையெல்லாம் முதல் வாரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. என் கருத்தில் அதில் பாதியை இரண்டாவது மாதத்திலிருந்து ஐந்தாவது மாதம் வரைக்குமாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முதல் நாளுக்குத் தேவை லாகின், இருக்கை, வேலை செய்கிற கணினி, மாலைக்குள் முடிகிற ஒரு நிஜ வேலை. இவை இருந்தாலே போதும். வரவேற்பு விழா இல்லாவிட்டால் யாரும் வேலையை விட்டுப் போவதில்லை, மூன்று நாள் பாஸ்வேர்ட் வராமல் உட்கார்ந்திருந்தால் மனசு விட்டுப்போகும். இரண்டு வாரம் தினமும் 15 நிமிஷம். மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை வாரத்துக்கு இரண்டு முறை துணையாளோடும், ஒரு முறை மேலாளரோடும். பிறகு ஆறாவது மாதம் வரை மாதம் ஒரு முறை மேலாளரோடு அரை மணி நேரம். இதில் வேலை நிலவரம் பேசக் கூடாது, அதற்கு வேறு கூட்டங்கள் இருக்கின்றன. மூன்றே கேள்விகள்: எது உங்க வேலை, எது இல்லைன்னு எங்கேயாவது குழப்பமா இருக்கா? கேட்கணும்னு நினைச்சு விட்டுட்டது என்ன? யார் இன்னும் பரிச்சயம் ஆகலை? இந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடலாம், ரத்து செய்யக் கூடாது. இரண்டு முறை தொடர்ந்து ரத்தானால் தனக்கு எந்த இடம் என்று புதியவர் புரிந்துகொள்கிறார்.

துணையாளின் காலம் முடியும்போது அதை வாயால் சொல்லி முடியுங்கள்: “இனிமே தினமும் உட்கார மாட்டோம், ஆனா கேள்வி வந்தா நேரா என்கிட்டயே வரலாம்.” சத்தமில்லாமல் நின்றுபோனால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

எல்லாருக்கும் ஒரே அளவு உதவி பொருந்தாது. கேட்காமல் திணிக்கிற உதவி எரிச்சலையும் சிறுமையையும் தருகிறது என்பதை நெதர்லாந்தில் யுடித் டேல்ஸ்ட்ராவும் சகாக்களும் 2003இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பத்து வருஷ அனுபவத்தோடு வருகிறவருக்குப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மெயில் எப்படி அனுப்புவது என்று சொல்லிக்கொடுத்தால் அவருக்குக் கோபம்தான் வரும். அவருக்கு வேலை தெரியும், இடம்தான் தெரியாது. யார் சொன்னால் நடக்கும், எந்த முடிவு எந்தக் கூட்டத்தில் எடுக்கப்படுகிறது, போன வருஷம் எதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டிய தகவல். மேலாளருக்குச் சமமான ஒருவரை அவருக்குத் துணையாகப் போடுங்கள். கல்லூரி முடித்து முதல் வேலைக்கு வருகிறவருக்கோ இதற்கு நேர்மாறு: விடுப்பு எப்படிக் கேட்பது, மெயிலில் யாரைச் சேர்ப்பது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும், அதை அவர் கேட்கவும் மாட்டார்.

இன்னொரு வகை உதவி உதவி போலவே இருக்கும்: “இந்த ஆபீஸ் இப்படித்தான், ஒண்ணும் மாறாது, நானும் வந்த புதுசுல உங்களை மாதிரிதான் இருந்தேன்.” அனுதாபத்தோடுதான் சொல்கிறார். இதைத் தினமும் கேட்கிற புதியவர் மூன்று மாதத்தில் வேறு வேலை தேடத் தொடங்குவார். துணையாளாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர் இடைவேளையில் என்ன பேசுகிறார் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆதரவால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். உளவியலாளர்கள் ஷெல்டன் கோஹனும் தாமஸ் வில்ஸும் 1985இல் எழுதியதிலிருந்து, ஆதரவு மன அழுத்தத்தின் தாக்கத்தைத் தணிக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தணிக்கும் என்றால் காரணத்தை நீக்கும் என்று பொருள் இல்லை. மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, நேர்காணலில் சொன்ன வேலை ஒன்று கொடுத்த வேலை ஒன்று என்று வைத்துவிட்டு, துணையாளை நியமித்தால் அந்தத் துணையாள் புலம்பலைக் கேட்கும் ஆளாகத்தான் இருப்பார். போகிறவர்கள் சுமையைக் காரணம் சொன்னால் முதலில் சுமையைச் சரிசெய்யுங்கள்.

இண்டக்ஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேனியல் கேபிள், பிரான்செஸ்கா ஜினோ, பிராட்லி ஸ்டாட்ஸ் மூவரும் பெங்களூரு விப்ரோவின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒரு சோதனை செய்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரு தொகுதிப் புதியவர்களிடம் நிறுவனத்தின் பெருமையைப் பேசினார்கள். இன்னொரு தொகுதியிடம் அவரவர் பலம் என்ன, அதை வேலையில் எப்படிப் பயன்படுத்துவது என்று பேசினார்கள். இரண்டாவது தொகுதியில் வேலையை விட்டவர்கள் குறைவு, வாடிக்கையாளர் திருப்தியும் கூடுதல். பேசியது ஒரு மணி நேரம்தான். உங்கள் இண்டக்ஷனில் நிறுவன வரலாற்று ஸ்லைடுகளைப் பாதியாக்கிவிட்டு, “எந்த மாதிரி வேலையில நீங்க நல்லா செய்வீங்க?” என்று கேட்டு, பதிலைத் துணையாளிடமும் சொல்லி வையுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்கிற குழுவில் எல்லாமே ஒரு படி கடினம். அலுவலகத்தில் மற்றவர்கள் பேசுவது காதில் விழுந்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். அது இங்கே அடியோடு இல்லை. யார் சும்மா இருக்கிறார், யார் மும்முரமாக இருக்கிறார் என்றும் தெரியாது. எனவே பேச்சைத் தொடங்குவது துணையாளின் வேலை, புதியவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தினமும் ஒரு மணி நேரம் ஆன்லைன் அழைப்பு திறந்தே இருக்கட்டும், இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கலாம், தோன்றும்போது கேட்கலாம். சந்தேகங்களைத் தனி அரட்டையில் கேட்பதைவிடக் குழுவின் பொது இடத்தில் கேட்கப் பழக்குங்கள், அடுத்து வருபவருக்கும் பதில் கிடைக்கும். ஆனால் பழையவர்கள் முதலில் அங்கே கேட்கத் தொடங்க வேண்டும். புதியவர் மட்டும் கேட்கிற பொது இடம் தேர்வு அறை ஆகிவிடும்.

துணையே கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்ட புதியவர் இதைப் படித்தால், அவருக்கும் கொஞ்சம். சந்தேகத்தோடு, என்னென்ன முயற்சி செய்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், “இது வரலை” என்பதற்கும் “இந்த ரெண்டு ஷீட்டையும் பார்த்துட்டேன், எண் ஒத்துவரலை, எதை எடுக்கணும்?” என்பதற்கும் கிடைக்கிற பதில் வேறு. பதிலைக் கண்ணெதிரே எழுதிக்கொள்ளுங்கள், மறுபடி கேட்க மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியட்டும். அவர் சொன்னபடி செய்து வேலை முடிந்ததும் “சரியா வந்துடுச்சு” என்று ஒரு வரி அனுப்புங்கள். பலர் இதைச் செய்வதில்லை. செய்பவருக்கு அடுத்த முறை கதவு எளிதாகத் திறக்கிறது. ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கேட்காமல் மூன்று பேருக்குப் பிரித்துக் கேளுங்கள்.

ஏற்பாடு வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத் திருப்திப் படிவம் உதவாது. புரொபேஷனில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போடுவார். இரண்டாவது வாரத்தில் புதியவரிடமிருந்து கேள்வியே வரவில்லை என்றால் நிம்மதியடையாதீர்கள், அது மோசமான அறிகுறி. அடுத்தடுத்துச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்தால் ஆளில் குறையில்லை, சொல்லாமல் விட்ட தகவல் அங்கே இருக்கிறது. அதை எழுதி வையுங்கள், அடுத்தவருக்கு உதவும். ஆறாவது வாரத்தில் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்: “இப்போ அந்த ரிப்போர்ட் தப்பாப் போயிடுச்சுன்னா முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க? சிஸ்டம் நின்னுட்டா? வாடிக்கையாளர் கத்தினா?” மூன்றுக்கும் யோசிக்காமல் மூன்று வெவ்வேறு பெயர் வந்தால் சரி. மூன்றுக்கும் “உங்களைத்தான்” என்று வந்தால் மரியாதை என்று எடுத்துக்கொள்ளாமல், மறுநாளே அந்தப் பத்துப் பேர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அவரோடு நடந்து போய் அறிமுகங்களை முதலிலிருந்து செய்யுங்கள்.